ஒளியின் தாமதமும் உயிருள்ள கலமும்

உயிரினங்களின் உடலை ஆக்கியுள்ள கலங்களுட் பெரும்பாலானவை நிறமற்றவை. கண்ணாடி போன்று தெளிவானவை. இலையின் பச்சையும் குருதியின் செம்மையும் ஒரு சில பொருள்களால் வந்த விதிவிலக்குகளே. உள்ளங்கன்னத்தைச் சுரண்டி எடுத்த ஒரு கலத்தை நீரில் இட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அது நீரோடு நீராகத் தோன்றும். வில்லைகளின் வலிமையை ஐந்நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கூட்டிக்கொண்டு போனாலும் இந்தக் குறை தீர்வதில்லை. பெருப்பித்தல் ஒன்று, புலப்படுத்தல் வேறொன்று. வெண்சுவரில் வெண்சுண்ணாம்பால் எழுதிய எழுத்தை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் வாசிக்க இயலாது அன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் சாயம் தோய்த்தல். 1856 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர் முதலாவது செயற்கைச் சாயத்தை உண்டாக்கினார். அதன்பின் துணிக்கென்று தோன்றிய சாயங்கள் பல, ஆய்வுகூடங்களுக்கும் வந்து சேர்ந்தன. கலத்தின் கருவை ஒரு சாயமும் அதன் சூழலை இன்னொரு சாயமும் பற்றிக்கொண்டன. 1882 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் றொபேட் கொக் கசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியது இத்தகைய சாயத்தின் துணை கொண்டேயாம்.

ஆயினும் இந்தப் பரிகாரத்துக்கு ஒரு விலை இருந்தது. சாயம் நன்கு பற்றுவதற்குக் கலத்தை மதுசாரத்திலோ வேறு இரசாயனப் பொருளிலோ இட்டு முதலில் இறுகச் செய்தல் வேண்டும். அச்செயலிற் கலம் இறந்துபடும். கலம் பிரிவதையும், நகர்வதையும், இரையை விழுங்குவதையும் அறிய விரும்பியவர்கள் அச்செயல்கள் யாவும் நின்றுபோன பின்னர் எஞ்சிய உருவத்தையே ஆராய வேண்டியவராயினர். அவ்வுருவத்திற் காணப்பட்ட இழைகளும் மணிகளும் உயிருள்ளபோதே இருந்தவையா, அன்றி இரசாயனப் பொருள்கள் உண்டாக்கிய திரிபுகளா என்ற வழக்கும் நெடுங்காலம் நீடித்தது. உயிரைக் கொல்லாமலும் சாயம் இடாமலும் தெளிவான கலத்தைக் காண வழி உண்டா? விடை ஒளியின் இயல்பிலேயே அடங்கியிருந்தது.

ஒளி ஓர் அலை. அலைக்கு உயரம் உண்டு. அதன் உயரம் மிகுந்தால் வெளிச்சம் மிகும். அலைக்கு நீளம் உண்டு. நீளம் வேறுபட்டால் நிறம் வேறுபடும். பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரை ஏறத்தாழ ஈராயிரம் கூறாக்கியதில் ஒரு கூறு. இவ்விரண்டையும் மனிதக் கண் உணரும். அலைக்கு மூன்றாவது பண்பு ஒன்றும் உண்டு. குறித்த ஒரு கணத்தில் அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் நிற்கிறது என்பதே அப்பண்பு. இதனை அறிவியலார் ‘அவத்தை’ என்பர்.

ஒரே உரலில் இரு பெண்கள் நெல் குத்துவதை நினைத்துப் பார்த்தால் அவத்தை எளிதில் விளங்கும். இருவர் கையிலும் ஒத்த உலக்கைகள். இருவரும் ஒரே உயரத்துக்கு ஓங்குகின்றனர். ஒரே வேகத்திற் குத்துகின்றனர். ஆயினும் ஒருத்தியின் உலக்கை மேலே நிற்கையில் மற்றவளின் உலக்கை உரலின் அடியில் இருக்கிறது. உயரத்திலும் வேகத்திலும் ஒன்றாயிருந்தும் நிலையில் இரண்டும் நேரெதிரானவை. அலைகளின் மொழியிற் கூறினால், அவை ஒன்றுக்கொன்று அரை அலை முந்தியும் பிந்தியும் நிற்கின்றன.

தெளிவான கலத்தின் ஊடாகச் செல்லும் ஒளிக்கு உயரமும் குறைவதில்லை, நீளமும் மாறுவதில்லை. ஆனால் அவத்தை மாறுகிறது. வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்லும். நீரில் அவ்வேகம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீற்றராகக் குறையும். கலத்தினுள் நீரோடு புரதமும் பிறவும் கரைந்திருப்பதால் அங்கு ஒளி இன்னும் சற்று மெதுவாகச் செல்லும். ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்புள்ள கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனைக் கடந்து வரும் பச்சை ஒளி, பக்கத்தில் நீரை மட்டும் கடந்து வரும் ஒளியிலும் பார்க்க ஏறத்தாழ கால் அலைநீளம் பிந்திவிடும். காலக் கணக்கில், ஒரு செக்கனை இருபது கோடி கோடி கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறளவே இத்தாமதம். சாதாரணக் கடிகாரம் எதனாலும் இதனை அளக்க இயலாது. கண்ணுக்கும் இது தெரியாது. கலம் ஒளியின் மீது தன் அடையாளத்தைப் பதித்தே அனுப்புகிறது. அதனை வாசிக்கும் ஆற்றல்தான் கண்ணுக்கு இல்லை.

தாமதத்தை வெளிச்சமாகவும் இருளாகவும் மாற்ற வல்ல நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதற்குத் ‘தலையீடு’ என்று பெயர். அமைதியான குளத்தில் இரு கற்களை அடுத்தடுத்து எறிந்தால் இரு வட்ட அலைகள் பரந்து ஒன்றையொன்று ஊடறுக்கும். முகடும் முகடும் கூடும் இடத்தில் நீர் மேலும் உயரும். முகடும் பள்ளமும் கூடும் இடத்தில் நீர் அசைவற்றிருக்கும். ஒளியும் இவ்வாறே நடந்துகொள்ளும் என்ற தத்துவத்தை ஆங்கிலேய மருத்துவரான தோமஸ் யங் 1801 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒளியோடு ஒளி சேர்ந்து இருளைத் தரலாம் என்பது அன்று பலருக்கு நம்பத்தகாத கூற்றாயிற்று. மழைநாளில் தெருநீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் வண்ணங்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். படலத்தின் மேற்புறத்திற் பட்டு வந்த ஒளியும் கீழ்ப்புறத்திற் பட்டு வந்த ஒளியும் ஒன்றிலொன்று தலையிடுவதால் விளைந்தவையே அவ்வண்ணங்கள். அங்கே தாமதம் நிறமாகிறது.

இத்தத்துவத்தை நுணுக்குக்காட்டியினுள் புகுத்திப் பெரும் பயன் கண்டவர் ஒல்லாந்து நாட்டுப் பௌதிகப் பேராசிரியர் பிரிட்ஸ் சேர்னிக்கே. 1888 ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரிற் பிறந்த இவருடைய தந்தையும் தாயும் கணித ஆசிரியர்கள். குரோனிங்கன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இவர் நுணுக்குக்காட்டியைத் திருத்தும் நோக்கத்தோடு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கவில்லை. ஒளியை நிறங்களாகப் பிரிப்பதற்கென நெருக்கமான நுண்கோடுகள் கீறப்பட்ட பெரிய குழிவாடி ஒன்று 1930 ஆம் ஆண்டளவில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தது. அதன் பரப்பில் வரிவரியான தோற்றம் காணப்பட்டது. ஆடி கண்ணுக்கு ஆறு மீற்றர் தொலைவில் இருந்தமையால், சேர்னிக்கே ஒரு சிறு தொலைகாட்டியால் அதனை நோக்கினார். வரிகள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் தொலைகாட்டியை ஆடியின் பரப்புக்குச் சரியாகக் குவியப்படுத்திய கணத்தில் அவை மறைந்துபோயின!

கருவி கூர்மையாகும்போது காட்சி மறைவானேன்? அவ்வரிகள் ஒளியின் அளவிற் குறையை உண்டாக்கவில்லை, அவத்தையில் மட்டுமே மாற்றத்தை உண்டாக்கின என்று சேர்னிக்கே உணர்ந்தார். தெளிவான கலமும் அவ்வரிகளின் இனத்தைச் சேர்ந்ததே என்பது அவருக்குப் புலனாயிற்று.

நுணுக்குக்காட்டியில் தோன்றும் விம்பமே ஒரு தலையீட்டின் விளைவு என்று ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் அபே 1873 ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். பொருளால் மாற்றமடையாது நேரே வரும் ஒளி ஒரு பகுதி. பொருளின் நுண்ணுறுப்புகளால் பக்கங்களிற் சிதறி வரும் ஒளி மற்றொரு பகுதி. இவ்விரண்டும் மீண்டும் கூடும் இடத்தில் விம்பம் பிறக்கிறது. சாயம் ஏற்ற பொருளிலிருந்து வரும் சிதறிய ஒளி, நேரொளிக்கு அரை அலை மாறுபட்டு நிற்கும். முகடும் பள்ளமும் சேர்வதால் அவ்விடம் இருளும், பொருள் தெரியும். தெளிவான பொருளிலிருந்து வரும் சிதறிய ஒளியோ கால் அலை மட்டுமே பிந்தி நிற்கும். அதனால் நேரொளியை அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. இவ்விரு வகைப் பொருள்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஒரு கால் அலை மாத்திரமே. எனவே நேரொளியை மட்டும் தனியே பிடித்து, அதனை மேலும் கால் அலை முந்தச் செய்துவிட்டால், தெளிவான கலமும் சாயம் ஏற்ற கலம் போலத் தெரியவேண்டும் அல்லவா?

சேர்னிக்கே அவ்வாறே செய்தார். விளக்கின் ஒளியை ஒரு வளையத் துளையினூடாகச் செலுத்தினால், நேரொளி வில்லைக்குப் பின்னால் ஒரு வளையமாகவே வந்து விழும். சிதறிய ஒளி எங்கும் பரந்து செல்லும். அவ்வளையம் விழும் இடத்தில் மட்டும் சிறிது கண்ணாடியைக் குறைத்த தகடு ஒன்றை வைத்தால், அவ்வழி செல்லும் ஒளி கால் அலை முந்திவிடும். அதே இடத்தில் மெல்லிய உலோகப் படலம் ஒன்றைப் பூசினால், மிகையான நேரொளி மட்டுப்பட்டுக் காட்சி இன்னும் தெளிவாகும். விரற்கடை அளவுக் கண்ணாடித் துண்டு ஒன்றினால் கலத்தின் கருவும் அதனுள் அசையும் மணிகளும் உயிரோடு கண்முன் தோன்றின.

1932 ஆம் ஆண்டில் சேர்னிக்கே இம்முறையை எடுத்துக்கொண்டு, நுணுக்குக்காட்டி செய்வதில் உலகப் புகழ் பெற்ற யேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்துக்குச் சென்றார். எதிர்பார்த்த வரவேற்பு அங்கே கிடைக்கவில்லை. இதனாற் பயன் இருந்திருக்குமாயின் தாங்களே முன்பே கண்டுபிடித்திருப்போம் என்ற கருத்தில் அந்நிறுவனத்து முதிய அறிஞர் ஒருவர் பேசியதைச் சேர்னிக்கே பின்னர் நினைவுகூர்ந்தார். 1941 ஆம் ஆண்டளவில், உலகப் போரின் நடுவிலேதான், அந்நிறுவனம் இக்கருவியைச் செய்து வெளியிட்டது. 1943 ஆம் ஆண்டில் அங்கு பணிபுரிந்த கேர்ட் மிக்கேல், வெட்டுக்கிளியின் உயிருள்ள கலங்கள் பிரிவதை இக்கருவியின் மூலம் திரைப்படமாக எடுத்தார். நிறமூர்த்தங்கள் அணிவகுத்துப் பிரிந்து செல்வதை, சாயமிட்ட உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஊகித்த உலகம், அது நிகழும்போதே கண்டது. 1953 ஆம் ஆண்டிற் சேர்னிக்கேக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் 1966 ஆம் ஆண்டிற் காலமானார்.

சேர்னிக்கேயின் கருவி தாமதத்தைக் காட்டியது. ஆனால் அதனைச் செவ்வையாக அளந்து கூறவில்லை. கலத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டமும் அதிலே தோன்றும். இன்ன இடத்தில் இத்தனை பங்கு அலை பிந்தியது என்று எண்ணாற் கூறுவதற்குத் தலையீட்டு நுணுக்குக்காட்டி என்னும் இன்னொரு கருவி வேண்டியிருந்தது. அதிலே ஒளி முதலில் இரு கற்றைகளாகப் பிரிக்கப்படும். ஒரு கற்றை கலத்தினூடு செல்லும். மற்றது கலம் இல்லாத வெற்றிடத்தினூடு செல்லும். பின்னர் இரண்டும் ஒன்று சேர்க்கப்படும். கற்றைகளைச் சிறிது சாய்த்து வைத்தால், காட்சியில் ஒளிக் கோடுகளும் இருட் கோடுகளும் பாய்விரித்தாற் போல நேராக ஓடும். கலம் உள்ள இடத்தில் அக்கோடுகள் நெளிந்து பக்கத்தே விலகும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியிற் காற்பங்கு விலகினால், தாமதம் கால் அலை என்பது கணக்கு. செக்கனின் கோடி கோடிக் கூறுகளை அளக்க வேண்டிய இடத்தில் அளவுகோலால் நீளத்தை அளந்தாற் போதும்.

இந்த எண்ணிலிருந்து கலத்தின் நிறையையும் அறியலாம். 1952 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் பாரர் என்பவரும், இலண்டனில் டேவீஸ், மொரிஸ் வில்கின்ஸ் ஆகிய இருவரும் இதனைத் தனித்தனியே எடுத்துக்காட்டினர். நூறு மில்லிலீற்றர் நீரில் ஒரு கிராம் புரதத்தைக் கரைத்தால் அதன் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியைத் தாமதிக்கும் திறனைக் குறிக்கும் எண், ஏறத்தாழ 0.0018 உயரும். இரண்டு கிராம் கரைத்தால் இரு மடங்கு உயரும். கலத்திலுள்ள ஏனைய முக்கிய பொருள்கள் பலவற்றுக்கும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. முன்னர் எடுத்துக்கொண்ட கலத்தில், கால் அலைத் தாமதத்துக்குக் காரணம் அதன் முறிவுச் சுட்டி நீரினதிலும் 0.03 கூடியிருப்பதே. 0.03 ஐ 0.0018 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 வரும். அக்கலத்தின் நூறு மில்லிலீற்றருக்கு 17 கிராம் நீரல்லாத பொருள் உண்டு என்பது இதன் பொருள். மனிதரின் ஒரு செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபினை ஒரு கிராம் சேர்ப்பதற்கு மூவாயிரம் கோடிக்கு மேற்பட்ட செங்குழியங்கள் வேண்டும். அத்தகைய நிறையை ஒளி நிறுத்துத் தருகிறது. அதிலும் கலம் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கையிலேயே தருகிறது.

தசை எவ்வாறு சுருங்குகிறது என்ற பழைய வினாவுக்கு விடை காணவும் இவ்வழி உதவியது. தசைநார்களில் இருண்ட வரிகளும் வெளிறிய வரிகளும் மாறி மாறி அமைந்துள்ளன. தசை சுருங்குகையில் அதிலுள்ள புரத இழைகள் தாமே மடிந்து குறுகுகின்றன என்றே பலர் எண்ணியிருந்தனர். உயிருள்ள தவளைத் தசைநார் தடிப்பானது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அதன் வரிகளின் அகலத்தை நம்பத்தக்கவாறு அளக்க இயலவில்லை. கேம்பிரிட்ஜில் அன்ட்ரூ ஹக்ஸ்லி இதற்கெனவே ஒரு தலையீட்டு நுணுக்குக்காட்டியை வகுத்தமைத்தார். அவரும் றொல்ஃப் நீடர்கெர்கேயும் அளந்தபோது, தசை சுருங்கும்போது வெளிறிய வரி மட்டுமே குறுகியது. இருண்ட வரியின் அகலம் மாறவில்லை. அமெரிக்காவில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் சேர்னிக்கேயின் முறையால் முயலின் தசை நுண்ணிழைகளை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தனர். 1954 ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘நேச்சர்’ சஞ்சிகையின் ஒரே இதழில் இரு கட்டுரைகளும் வெளிவந்தன. இழைகள் குறுகுவதில்லை; ஒன்றன் இடையே ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்ற இன்றைய கொள்கை அங்கிருந்து தொடங்கியது.

போலந்திற் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஜோர்ஜ் நொமார்ஸ்கி 1950 களில் மூன்றாவது வழி ஒன்றை வகுத்தார். இரு கற்றைகளும் மிகச் சிறிய இடைவெளியோடு அடுத்தடுத்தாற்போலக் கலத்தையே கடந்து செல்லும். அவற்றுக்கிடையே தாமதம் வேறுபடும் விளிம்புகள் ஒருபுறம் ஒளிர்ந்தும் மறுபுறம் இருண்டும் காணப்படும். கலம் மேடு பள்ளங்களோடு செதுக்கிய சிற்பம் போலத் தோன்றும். அந்த மேடு உண்மையான மேடு அன்று. தாமதம் கூடிக் குறையும் போக்கையே அது காட்டுகிறது. ஒரு மில்லிமீற்றர் நீளமான தெளிவான சிறு புழு ஒன்றில், ஒற்றைக் கலத்திலிருந்து ஒவ்வொரு கலமும் எவ்வாறு பிறக்கிறது என்பதை ஜோன் சல்ஸ்ரனும் அவர்தம் கூட்டாளிகளும் இக்கருவியினூடு உயிர்ப் புழுவையே நோக்கிக் குறித்து வைத்தனர். முட்டையினுள் நிகழும் வளர்ச்சியின் முழு வரலாறு 1983 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் சல்ஸ்ரனும் பங்கு பெற்றார்.

இன்று இலத்திரனியல் ஒளிப்படக் கருவியும் கணிப்பொறியும் இப்பணியில் இணைந்துள்ளன. ஒரே படத்திலிருந்து தாமதத்தை நேரே கணித்தல் அரிது. ஓரிடம் மங்கலாயிருந்தால், விளக்கின் ஒளி அங்கே குறைவா, இரு கற்றைகளும் சரிசமமாக இல்லையா, அன்றித் தாமதந்தான் காரணமா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஒப்பீட்டுக் கற்றையை ஒவ்வொரு முறையும் கால் அலை பிந்தச் செய்து நான்கு படங்கள் எடுப்பர். முதற் படத்தையும் மூன்றாம் படத்தையும், இரண்டாம் படத்தையும் நான்காம் படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பொதுவான வெளிச்சம் நீங்கிவிடும். அவ்விரு விடைகளின் விகிதத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியின் அவத்தையையும் கணிப்பொறி தந்துவிடும்.

அளவைக்கு எல்லைகளும் உண்டு. கடிகாரத்தின் நிமிட முள் எத்தனை முறை சுற்றி வந்தது என்பதை முள்ளின் நிலை கூறாதது போல, ஒரு முழு அலைக்கு மேற்பட்ட தாமதத்தில் முழு அலைகளின் எண்ணிக்கையைத் தலையீடு தானாகக் கூறாது. அயற்புள்ளிகளோடு ஒப்பிட்டே அதனை உய்த்துணர வேண்டும். மேலும், தடித்த கலம் குறைந்த செறிவோடு இருந்தாலும், மெல்லிய கலம் மிகுந்த செறிவோடு இருந்தாலும் தாமதம் ஒன்றாகவே அமையலாம். இதற்கும் 1950 களிலேயே ஒரு வழி கண்டனர். கலத்தைச் சூழும் திரவத்திற் புரதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு கட்டத்திற் கலம் கண்ணுக்கு மறைந்துவிடும். அப்போது உள்ளும் புறமும் முறிவுச் சுட்டி ஒன்றே என்பது தெளிவு. மறைவதைக் கொண்டே அளப்பது இம்முறையின் நயம்.

இவ்வளவைகள் இன்று நோயாராய்ச்சிக்கும் பயன்படுகின்றன. மலேரியாக் கிருமி புகுந்த செங்குழியங்களை 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு அளந்தனர். கிருமி வளர வளர ஈமோகுளோபின் குறைவதையும், கலத்தின் மென்சவ்வு துடிப்புக் குன்றி விறைப்பதையும் எண்களாகவே அவர்கள் பெற்றனர். சாயமிட்ட குருதியில் கிருமியின் உருவத்தைக் காணலாம். அது உயிருள்ள கலத்துக்கு இழைக்கும் கேட்டைப் படிப்படியாக அளக்க ஒளியின் தாமதம் உதவுகிறது.

கலத்தைக் கடந்து வரும் ஒவ்வோர் ஒளிக்கதிரும், மனிதன் நுணுக்குக்காட்டி செய்த நாள் தொட்டே இச்செய்தியைச் சுமந்து வந்தது. அதனை வாசிப்பதற்குப் புதிய ஒளியோ, வலிமை மிக்க வில்லையோ வேண்டியிருக்கவில்லை. பிந்தி வந்த அலையைப் பிந்தாத அலையோடு சேர்த்துவிடுதலே போதுமாயிருந்தது. அந்த ஒப்பீட்டினால், உயிருள்ள கலத்தை உயிரோடே காணவும் நிறுக்கவும் மனிதன் கற்றுக்கொண்டான்.